கோனுக்குத்தான் சாயம்

லினக்ஸ் கணினியில் டெர்மினலைத் திறந்து எல்எஸ் என்று தட்டினால் கோப்புறைக்குள் இருப்பவை பெயர் பெயராக வந்து விழுகின்றன. கோப்புறை நீலத்தில், ஓட்டக்கூடிய நிரல் பச்சையில், ஜிப் மாதிரி கட்டிவைத்த கோப்பு சிவப்பில், படம் மெஜந்தாவில், வேறோர் இடத்தைக் காட்டும் இணைப்பு சயானில். சரவணம்பட்டி, விளாங்குறிச்சிப் பக்கம் கணினி வேலைக்குப் போகிறவர்கள் பலர் இந்த நிறங்களை நாள் முழுக்கப் பார்க்கிறார்கள். ஒரு பெயருக்கு இன்ன நிறம் என்று கணினி எதைப் பார்த்து முடிவு செய்கிறது என்று கேட்பவர் குறைவு. கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி அது. கோயமுத்தூரின் பழைய தொழில் இதே கேள்வியோடு இன்றும் தினம் தினம் மல்லுக்கட்டுகிறது என்பதால் எனக்கு அதில் கூடுதல் அக்கறை உண்டு.

1888 இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் கோவையில் நூற்பாலை தொடங்கினார். 1932 இல் பைக்காரா மின்சாரம் வந்தபின் பீளமேடு, சிங்காநல்லூர் என்று மில்கள் பெருகின. அந்த மில்களின் அடிப்படைச் சிக்கல் ஒன்றுதான்: எல்லா நூலும் வெள்ளை. நாற்பதாம் நெம்பர் நூலையும் ஐம்பதாம் நெம்பர் நூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பழகிய விரல் கண்டுபிடித்துவிடும். கண் சட்டென்று கண்டுபிடிக்காது. நெம்பர் என்பது நூலின் பருமனுக்கான கணக்கு. 840 கஜ நீளமுள்ள சிட்டம் ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை தேறுகிறதோ அதுதான் நெம்பர். நாற்பதில் 40 சிட்டம், ஐம்பதில் 50. நெம்பர் ஏற ஏற நூல் மெலியும், விலையும் மாறும்.

ஒரே ஷெட்டில் இரண்டு மூன்று நெம்பர் ஓடிக்கொண்டிருக்கும்போது எது எது என்று யார் கண்டுபிடிப்பது? அதற்குத்தான் நிறம். முறுக்கேறாத பஞ்சுத் திரியான ஸ்லைவர் நிரம்பும் கேனில் வண்ணப்பட்டை இருக்கும். ரோவிங் பாபினுக்கு ஒரு நிறம், ரிங் ஃபிரேமில் ஏறும் பாபினுக்கு ஒரு நிறம். கடைசியாக நூல் சுற்றப்படும் காகிதக் கோனின் நுனியில் ஒரு நிறம். எந்த நெம்பருக்கு எந்த நிறம் என்பது மில்லுக்கு மில் வேறுபடும். ஒரு மில்லின் பச்சை அடுத்த மில்லில் நீலமாக இருக்கலாம். ஆனால் ஒரு காம்பவுண்டுக்குள் அது மீற முடியாத சட்டம்.

என் அப்புச்சி சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் பேக்கிங்கில் இருந்தவர். கோனின் நுனியைப் பார்த்துவிட்டு நான் நெம்பர் சொன்னால், "சாயம் கோனுக்குத்தான் கண்ணு, நூலுக்கில்ல" என்பார்.

தொழில் தெரிந்தவரின் எச்சரிக்கை அது. அந்த மில்லில் பச்சைக் கோனில் நாற்பதுதான் இருக்க வேண்டும். யாரோ ஒருவர் கை தவறி ஐம்பதாம் நெம்பர் பாபினை அங்கே மாட்டிவிட்டால் கோன் தன் பச்சையைக் காட்டிக்கொண்டேதான் நிற்கும். உள்ளே ஓடும் நூலைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. இதற்காகவே பேக்கிங் பிரிவில் இருட்டடித்த மூலையில் புற ஊதா விளக்கு வைத்திருப்பார்கள். வேறு பஞ்சுக் கலவையில் நூற்ற நூல் கலந்திருந்தால் அந்த வெளிச்சத்தில் வளையம் வளையமாக வேறு சாயலில் மின்னும். நெம்பரைச் சோதிக்க ஒரு லீ, அதாவது 120 கஜ நூலை ரீலில் சுற்றி எடுத்து எடைபோடுவார்கள். ஏழு லீ சேர்ந்தால் ஒரு சிட்டம் என்பதால் அந்த ஒரு லீயின் எடையிலிருந்தே நெம்பர் கணக்காகிவிடும். இரண்டிலும் தப்பினால் பிழை திருப்பூரில்தான் வெளிப்படும். பின்னலாடைத் துணியாகப் பின்னும்வரை ஒன்றும் தெரியாது. சாயத் தொட்டியில் இறங்கி வெளியே வந்ததும் துணியின் குறுக்கே வரி வரியாகப் பட்டை விழுந்திருக்கும். வெள்ளையாக இருந்தவரை மறைந்திருந்தது சாயம் ஏறியதும் காட்டிக்கொடுத்துவிடும். அதன்பின் அந்தத் துணியை ஒன்றும் செய்ய முடியாது.

எல்எஸ் போடும் நிறமும் கோனில் பூசிய நிறம்தான்.

ஒவ்வொரு பெயருக்கும் அது சில கேள்விகளை ஒரே வரிசையில் கேட்கிறது. இது கோப்புறையா, இணைப்பா, சாதனமா? அதற்கென்று நிறம் இருந்தால் அதைப் போட்டுவிடும். சாதாரணக் கோப்பு என்றால், இதை இயக்க யாருக்காவது அனுமதி இருக்கிறதா? இருந்தால் பச்சை, அதற்குமேல் விசாரணை இல்லை. அனுமதி இல்லாத கோப்பாக இருந்தால் மட்டும் பெயரின் வாலைப் பார்க்கும். ஜேபிஜி என்று முடிந்தால் படம், எம்பி3 என்று முடிந்தால் பாட்டு. கோப்பைத் திறந்து உள்ளே இருப்பதில் ஒரு பைட்டைக்கூடப் படிப்பதில்லை. ஒரு கடிதத்துக்கு ஜேபிஜி என்று வால் ஒட்டினால் அதுவும் மெஜந்தாவில்தான் வரும்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. விண்டோஸ் கணினியில் என்டிஎஃப்எஸ் முறையில் வடிவமைத்த ஹார்டு டிஸ்க் ஒன்றை லினக்ஸ் கணினியில் செருகிப் பட்டியலிட்டுப் பாருங்கள். கல்யாணப் படம், கட்டுரை, பாட்டு எல்லாமே பெரும்பாலும் பச்சையாக வரும். கோப்புறைகள் பச்சைப் பின்புலத்தில் நீல எழுத்தாக, கண்ணை உறுத்திக்கொண்டு நிற்கும். வைரஸோ என்று பயந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நடப்பது இவ்வளவுதான்: விண்டோஸ் எழுதிவைத்த அனுமதிகளும் யுனிக்ஸ் அனுமதிகளும் வேறு வேறு முறை. லினக்ஸ் அந்த வட்டை இணைக்கும்போது தனியாக ஒன்றும் சொல்லாவிட்டால் எல்லாக் கோப்புக்கும் 777 என்று, யாரும் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம் என்று அனுமதி போட்டுக்கொள்கிறது. இயக்க அனுமதி இருந்தால் பச்சை. வாலைப் பார்க்கும் கட்டம் வருவதேயில்லை. கோப்புறை பச்சைப் பின்புலத்தில் வருவது, அதில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற எச்சரிக்கை. ஆக நிறங்கள் பொய் சொல்லவில்லை. அவற்றிடம் சொல்லப்பட்டதைத்தான் சொல்கின்றன.

லீ எடைக்கும் புற ஊதா விளக்குக்கும் ஈடாகக் கணினியிலும் ஒன்று இருக்கிறது. ஃபைல் என்ற கட்டளை. அது பெயரைப் பொருட்படுத்தாமல் கோப்பின் தொடக்கத்தைப் படிக்கிறது. ஜேபெக் படம் என்றால் முதல் இரண்டு பைட்டும் 255, 216 என்று இருக்கும். பிடிஎஃப் என்றால் சதவீதக் குறியோடு தன் பெயரையே எழுதித் தொடங்கும். ஜிப் கோப்பு பி, கே என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். அந்த வடிவத்தை உருவாக்கிய ஃபில் காட்ஸின் தலைப்பெழுத்துகள் அவை. டாக்எக்ஸ் ஆவணத்தைத் திறந்து பார்த்தால் அதன் தலையிலும் அதே இரண்டு எழுத்துகள் நிற்கும், ஏனென்றால் அதுவும் உள்ளுக்குள் ஒரு ஜிப் கட்டுதான். அப்படியானால் பட்டியலிடும்போதே எல்லாவற்றையும் திறந்து பார்த்து நிறம் போட்டுவிடலாமே என்று தோன்றும். ஒவ்வொரு கோனையும் பிரித்து லீ எடுத்துக்கொண்டிருந்தால் மில் ஓடாது. அனுமதியைக் கேட்பதற்கே ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாக விசாரிக்க வேண்டியிருக்கிறது. லட்சம் ஸ்கேன் கோப்புகள் உள்ள கோப்புறையை நெட்வொர்க் வழியாக நிறத்தோடு பட்டியலிட்டால் திரை திணறுவதை உணரலாம். நிறத்தை அணைத்தால் மளமளவென்று வந்துவிடும்.

எல்எஸ் கட்டளை 1971 இல் வெளிவந்த யுனிக்ஸின் முதல் கையேட்டிலேயே இருக்கிறது. அன்று நிறமில்லை. பிற்பாடு, கோப்புறைப் பெயரின் கடைசியில் ஒரு சாய்கோடு, நிரலின் கடைசியில் ஒரு நட்சத்திரம் என்று குறிபோடும் வசதி வந்தது. இன்றும் வேலை செய்கிறது. நிறங்களுக்கான எண்கள் 1976 இல் முதற்பதிப்பு வெளிவந்த ஈசிஎம்ஏ-48 என்ற தரநிலையின் வழி வந்தவை. 30 முதல் 37 வரை எட்டு நிறம். ஏன் எட்டு? சிவப்பு 1, பச்சை 2, நீலம் 4 என்று வைத்துக்கொண்டு கூட்டிப் பாருங்கள். சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் 3, அதாவது 33, மஞ்சள். சிவப்பும் நீலமும் 35, மெஜந்தா. பச்சையும் நீலமும் 36, சயான். மூன்றும் சேர்ந்தால் 37, வெள்ளை. எதுவும் இல்லாவிட்டால் 30, கருப்பு. இந்த எட்டை வைத்துக் கோப்புகளுக்கு நிறம் பிரிக்கும் டிர்கலர்ஸ் என்ற சிறு நிரலை எழுதியவர் எச். பீட்டர் ஆன்வின். 1990களில் குனூ தொகுப்பில் அது சேர்ந்தது. லினக்ஸ் விநியோகங்களில் நாம் காணும் நிறங்கள் பெரும்பாலும் அதன் இயல்புப் பட்டியலிலிருந்து வருபவை.

அந்தப் பட்டியலை ஒருமுறை முழுக்கப் படித்துப் பார்ப்பது நல்லது. யாருக்காக அது எழுதப்பட்டது என்று புரியும். ஏஆர்ஜே, எல்எச்ஏ என்று இன்று யாரும் தொடாத பழைய கட்டு வடிவங்களுக்கெல்லாம் சிவப்பு ஒதுக்கியிருக்கும். படங்களுக்கு வரி வரியாக இடம். ஆனால் டெக்ஸ்ட் கோப்புக்கு நிறமில்லை. டாக்எக்ஸுக்கு இல்லை, ஓடிடிக்கு இல்லை, பிடிஎஃபுக்குக்கூட இல்லை. நிரல்களை இறக்கி, பிரித்து, நிறுவியவர்களின் மேசையிலிருந்து பிறந்த பட்டியல் அது. எழுத்து வேலை செய்பவரின் கோப்புறையில் அந்தப் பட்டியல் ஏறக்குறைய ஊமை. எல்லாம் வெள்ளை நூல்.

மாற்றுவது கடினமில்லை. டிர்கலர்ஸ் தன் பட்டியலை அச்சிட்டுக் கொடுக்கும். அதை வீட்டுக் கோப்புறையில் டிர்கலர்ஸ் என்ற பெயரிலேயே, முன்னால் ஒரு புள்ளி வைத்துச் சேமித்து, வேண்டியபடி திருத்தி, ஷெல் தொடங்கும்போது படிக்கச் சொல்லிவிட்டால் போதும். ஒரு வால், ஒரு எண், அதுதான் ஒரு வரி. எட்டு நிறம் போதாதென்றால் 256 நிறமும் கிடைக்கும், அதற்கு மேலும் கிடைக்கும். எண்ணைத்தான் நாம் எழுதுகிறோம் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். 34 என்றால் எந்த நீலம் என்பதை டெர்மினலின் அமைப்பு முடிவு செய்கிறது. கருப்பில் படிக்கவே முடியாத அடர் நீலம் என்று பலரும் அலுத்துக்கொள்வது எல்எஸ் மேல் சுமத்த வேண்டிய குறையில்லை. டெர்மினலின் வண்ண அமைப்பில் நீலத்தைச் சற்று வெளிற வைத்தால் தீர்ந்தது.

கிடைக்கிற எல்லா வகைக்கும் நிறம் பூசி, பட்டியலை ரங்கோலி ஆக்கிக்கொள்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மில்லில் நிறம் அழகுக்காக வரவில்லை, கலந்துவிடக் கூடாத இரண்டு ஒரே மாதிரி இருப்பதால் வந்தது. எங்கே கண் ஏமாறுமோ அங்கே மட்டும் நிறம் போட வேண்டும். எதுவோடும் குழம்பாத ஒன்றுக்கு நிறம் கொடுத்தால், உண்மையாகவே நிறம் தேவைப்படுகிற ஒன்றின் குரல் அதனால் அமுங்கும். அதோடு, சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத கண்கள் நம்மிடையே இருக்கின்றன. பலர் பார்க்கும் பட்டியலில் முக்கியமான வேறுபாட்டை அந்த இரண்டு நிறத்தை மட்டும் நம்பி விடுவது சரியில்லை. தடித்த எழுத்துக்கு 01, அடிக்கோட்டுக்கு 04, எழுத்தும் பின்புலமும் இடம் மாற 07. நிறத்தோடு இவற்றில் ஒன்றைச் சேர்த்துவிடலாம்.

நான் இதில் இத்தனை அக்கறை காட்டக் காரணம் பழைய சிற்றிதழ்களின் கோப்புகள். 1990களில் தொடங்கி ஏறத்தாழ 2010 வரை கணினியில் அச்சுக்கோத்த தமிழ் எழுத்தெல்லாம் ஒரே குறியாக்கத்தில் இல்லை. பாமினியில் சில, வானவில்லில் சில, ஸ்ரீலிபியில் சில, 1999 இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்த டாம், டாப் முறைகளில் சில, டிஸ்கியில் சில. 2010 ஜூனில் நம் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடும் அதோடு சேர்ந்து தமிழ் இணைய மாநாடும் நடந்தபோதுதான் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்16 ஐயும் தரமாக அறிவித்தது. அதற்கு முந்தைய கோப்புகள் இன்னும் ஹார்டு டிஸ்க்குகளிலும் கீறல் விழுந்த சிடிக்களிலும் கிடக்கின்றன.

பட்டியலிட்டால் எல்லாவற்றுக்கும் வால் ஒன்றுதான்: டிஎக்ஸ்டி, அல்லது டாக். இங்கே ஃபைல் கட்டளையும் கைவிட்டுவிடும். பாமினி எழுத்து உள்ளே வெறும் ஆங்கில எழுத்தாகத்தான் கிடக்கிறது. தலையில் குறியாக்கத்தைச் சொல்லும் எந்த அடையாளமும் இல்லை. திறந்து, எழுத்துரு மாற்றி, படித்துப் பார்க்கும் மனிதக் கண் ஒன்றுதான் சோதனை. ஒருவர் அப்படித் திறந்து பார்த்து இது பாமினி என்று கண்டுபிடிக்கிறார். கண்டுபிடித்ததை எங்கே எழுதிவைப்பது? மூடிவிட்டால் மறுபடி வெள்ளை நூல். அடுத்தவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். மாற்றியதையே மறுபடி மாற்றி, நல்ல யூனிகோடு உரையைக் குப்பையாக்கிவிடும் ஆபத்தும் இருக்கிறது. திருப்பூர்த் துணியில் விழும் பட்டை மாதிரி, அது அச்சான பிறகுதான் தெரியும்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். மில்லின் கோன் நூலோடு சேர்ந்தே லாரி ஏறுகிறது. டெர்மினலின் நிறம் அப்படிப் போவதில்லை. அது கோப்பிலும் இல்லை, ஹார்டு டிஸ்க்கிலும் இல்லை. பார்ப்பவரின் கணினியில் இருக்கும் அமைப்பில் இருக்கிறது. பட்டியலை இன்னொரு நிரலுக்கோ கோப்புக்கோ திருப்பிவிட்டால் எல்எஸ் தானாகவே நிறத்தை விட்டுவிடும். நிறம் திரைக்கு முன்னால் இருக்கும் கண்ணுக்கு மட்டும். வட்டோடு பயணம் போவது பெயரும் அதன் வாலும்தான். ஆகவே கோனின் நுனி என்று சொல்ல வேண்டியது வாலைத்தான். டிர்கலர்ஸ் பட்டியல், மில்லுக்குள் எந்த நிறத்துக்கு எந்த நெம்பர் என்று சொல்லும் அட்டவணை. இரண்டும் வேண்டும். அட்டவணை மட்டும் இருந்து வால் ஒழுங்காக இல்லையென்றால் பிரயோசனமில்லை.

எனவே இரட்டை வால். கண்டுபிடித்தவுடன் கட்டுரைப் பெயருக்குப் பின்னால் பாமினி என்று ஒரு துண்டும் அதன்பின் டிஎக்ஸ்டியும். மாற்றியபின் அதே பெயரில் யூனி என்ற துண்டு. மெய்ப்புப் பார்த்து முடித்தபின் மெய்ப்பு என்ற துண்டு. டிர்கலர்ஸ் கடைசிப் புள்ளியோடு நின்றுவிடுவதில்லை. நட்சத்திரக் குறி போட்டு எழுதினால் பெயரின் கடைசியில் எவ்வளவு நீளத்தையும் ஒப்பிடும். பைட் பைட்டாக ஒப்பிடுவதால் அந்தத் துண்டுகள் தமிழ் எழுத்திலேயே இருக்கலாம். பல டெர்மினல்களில் தமிழ்ப் பெயர்கள் இன்றும் சரியாக வருவதில்லை, கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகச் சிதறும். அப்படிச் சிதறிய பெயரின் நிலையை நிறம் ஒரு பார்வையில் சொல்லிவிடுகிறது என்பதால், ஆங்கிலப் பெயர்களைவிடத் தமிழ்ப் பெயர்களுக்குத்தான் இது அதிகம் உதவுகிறது.

என் பட்டியலில் மாற்றாத பழைய குறியாக்கக் கோப்புகள் மஞ்சள். மாற்றி, ஆனால் யாரும் படித்துச் சரிபார்க்காதவை தடித்த சிவப்பு. பார்க்க நல்ல தமிழாக இருந்துகொண்டே உள்ளே ஒற்று விழுங்கியவை அவைதான், அதிக ஆபத்து அங்கேதான். மூலப் பக்கங்களின் ஸ்கேன் படங்கள் சயான், அடிக்கோட்டோடு, ஏனென்றால் அவற்றில் யாரும் கைவைக்கக் கூடாது. மெய்ப்பு முடிந்தவற்றுக்கு நிறமே இல்லை. வேலை முடிந்த கட்டுரை வெள்ளையாகிவிடும், கண் அதைத் தாண்டிப் போய்விடும். ஒரு இதழின் கோப்புறையைத் திறக்கும்போது மிச்சமிருக்கும் வேலை எவ்வளவு என்று எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை. கட்டு வடிவங்களின் வரிகளையெல்லாம் அழித்துவிட்டேன். சிவப்பு ஒரு பொருளுக்கு மட்டுமே மிஞ்ச வேண்டும் என்பதற்காக.

இதைத் தனியாள் பழக்கமாக விட்டுவைப்பதில் எனக்குத் திருப்தியில்லை. மில்லில் ரிங் ஃபிரேம் பார்க்கும் ஒவ்வொரு சைடரும் தன் இஷ்டத்துக்கு நிறம் வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று இந்த ஊருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சேலத்தில் ஒருவர், ஈரோட்டில் ஒருவர், பொள்ளாச்சியில் ஒருவர் என்று பழைய இதழ்களைத் தட்டச்சு செய்துகொண்டும் ஸ்கேன் எடுத்துக்கொண்டும் இருப்பவர்கள் இரண்டே இரண்டு விஷயத்தில் ஒத்துப்போனால் போதும்: எந்த நிலைக்கு எந்த வால், எந்த வாலுக்கு எந்த நிறம். வால்களைப் பற்றிய ஒப்பந்தம் முதலில். நிறத்தில் அவரவர் கண்ணுக்கு ஏற்ற சிறு மாற்றம் இருந்தால் பாதகமில்லை. இரண்டையும் எழுதினால் ஒரு பக்கத்தைத் தாண்டாது. ஹார்டு டிஸ்க் கைமாறும்போது அந்த ஒரு பக்கத்தையும் முதல் கோப்பாக வைத்துக் கொடுத்தனுப்பலாம்.